கட்டிலில் கிடந்த வெளிநோயாளி

ஆஸ்பத்திரியில் நான்கு இரவு படுத்திருந்தவரை, "உள்ளே இருந்தது இரண்டே நாள்" என்று பதிவேடு சொல்லுமாயின் வாசகர்கள் நம்புவார்களா? அமெரிக்காவில் குடியுரிமை பெற்று வாழும் என் தமக்கையாருக்கு அவ்விதமே நேர்ந்தது. சென்ற ஆண்டு நான் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை மாலை அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல் கண்டது.

கட்டில், தாதி, கையில் ஏறிய மருந்து நீர் யாவும் மற்ற நோயாளிகளுக்குப் போலவேதாம். செவ்வாய் இரவு ஒரு தாளை நீட்டினார்கள். வாசியாமல் கையெழுத்திட்டவன் நான். அவர் கண்காணிப்பிலுள்ள வெளிநோயாளி என்பதே அதன் பொருள்.

அந்நாட்டு முதியோர்க்கான மெடிக்கேர் திட்டத்தில், நோயாளி இரண்டு நள்ளிரவைக் கடந்து தங்க நேரும் என்று டாக்டர் கருதி, காரணத்தைக் குறித்து உத்தரவெழுதினால் அவர் உள்நோயாளி. 2013 அக்டோபர் முதல் இதுவே விதி. முன்னே கழிந்த இரவையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், பிறகு நடை பழக்கும் பராமரிப்பு விடுதிக்குத் திட்டம் பணம் தர வேண்டுமானால், தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாய் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கோ உத்தரவெழுதிய நாளில்தான் தொடங்கும். வீட்டுக்கு அனுப்பும் நாள் சேராது. டாக்டர் எழுதியது புதன் காலை. வெள்ளியன்று அனுப்பிவிட்டார்கள். முன்தேதியிட்டு எழுத இடமில்லையாம். விடுதிச் செலவு முழுதும் எங்கள் தலையில்.

"என் தலையெழுத்து, தம்பி" என்றார் தமக்கையார். தலையெழுத்தாவது! டாக்டரின் எழுத்து செவ்வாயன்று விழுந்திருந்தால் மூன்று நாள் நிறைந்திருக்கும். நானும் அன்றிரவு தாளை வாசித்துக் கேட்டிருக்கலாம்.

வீட்டிற்கே அழைத்து வந்தோம். மருமகளின் கையைப் பற்றிக் கூடத்தில் நடந்தார். சுவர் வரை பத்தடி. திரும்பி வருவதற்குள் முகம் வியர்த்துவிடும்.