லீஸ்டு லைனும் மாமாவோட நூலும்

வூட்ல ஒருத்தன் கம்ப்யூட்டர் படிச்சா போதும், டிவி ரிமோட்ல இருந்து ராக்கெட் வரைக்கும் அவனுக்குத் தெரியும்னு சொந்தக்காரங்க நம்புவாங்க. நான் ஜாவாவுல பொட்டி தட்டுறவன். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஏழு லேயரை ஒப்பிச்சுப் பாஸானதோட சரி.

திருப்பூர்ல மாமாவுக்கு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ். இருபது பேர் வேலை பாக்குறாங்க. பிராட்பேண்ட் அடிக்கடி படுக்குதுன்னு 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் எடுத்தாரு. ரவுட்டர் தனியா வாங்கணுமாம். வெண்டர் ஒரு ஃபயர்வாலுக்கு லட்ச ரூபாய்க்கு மேல கொட்டேஷன் குடுக்க, "மாப்ள, கொஞ்சம் பாத்துச் சொல்லு"ன்னு அனுப்பிட்டாரு.

நானும் பாத்தேன். "எதுக்குங்க மாமா இவ்ளோ? 50 எம்பிபிஎஸ்தானே? மூவாயிரம் ரூபா வைஃபை ரவுட்டர் போதும். டப்பாலயே 1200னு போட்டிருக்கு." என் காலேஜ் ஃபீஸ்ல பாதி கட்டின மனுசன். மறுபேச்சு பேசாம வாங்கிட்டாரு.

ரெண்டு வாரம் ஓடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை, தூத்துக்குடி கிளியரிங் ஏஜெண்டுக்கு டாக்குமெண்ட் போகவேண்டிய நேரத்துல நெட் நின்னுபோச்சு. ரீஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷம் வரும், மறுபடி நிக்கும். லைன் குடுத்த கம்பெனிக்காரங்களை மாமா போன்ல கிழிச்சு தோரணம் கட்டிட்டாரு. அவங்க பையன் ஒருத்தன் வந்தான். கேபிளை நேரா லேப்டாப்ல சொருகினான். முழுசா 50. "லைன் நல்லாத்தானுங்க இருக்குது, ரவுட்டர்தான் மூச்சு வாங்குது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

மாமா போன்ல சொன்னப்ப எனக்கு முகம் செத்துப்போச்சு. அன்னிக்கு நைட்டே பஸ் ஏறிட்டேன்.

போய்ப் பாத்தா தப்பு முழுக்க என்னுது. டப்பாவுல போட்டிருந்த 1200 வைஃபையோட ரெண்டு பேண்டையும் கூட்டிப்போட்ட நம்பர். ஆபீஸ் ரவுட்டருக்கு வேற கணக்கு. ஆள் இருபதுன்னாலும் போன், லேப்டாப், கேமரான்னு கருவி அறுபது. ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல பத்து இருபது கனெக்ஷன் தொறக்குது. அத்தனையையும் ரவுட்டர் நினைவுல வச்சுக்கணும். இதுக்கு மேல ரெண்டாவது யூனிட்ல இருந்து டேலிக்கு விபிஎன் வேற. விபிஎன்னா ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டித் தொறக்கணும். அந்தச் சின்ன பிராசசர் என்ன பண்ணும் பாவம்.

அதுக்காக வெண்டர் கொட்டேஷன் வேதவாக்கும் இல்ல. ஃபயர்வால் ஸ்பெக்ல மேல பெருசா ஒரு ஸ்பீடு இருக்கும். வைரஸ் சோதனை எல்லாத்தையும் ஆன் பண்ணா கிடைக்கிற ஸ்பீடு கீழே சின்னதா இருக்கும். பாக்க வேண்டியது அந்தக் கீழ் நம்பரைத்தான். வருஷா வருஷம் லைசன்ஸ் காசு எவ்ளோன்னும் கேக்கணும்.

கடைசில வேலையைப் பிரிச்சோம். வைஃபை இல்லாத பிசினஸ் ரவுட்டர் ஒண்ணு, விபிஎன் ஓடுறப்ப எவ்ளோ தாங்கும்னு பாத்து வாங்கினது. கேமராவையும் ஆபீஸையும் தனித்தனி விலேன்ல பிரிக்கிற ஸ்விட்ச் ஒண்ணு. வைஃபைக்கு ஆக்சஸ் பாயிண்ட் ரெண்டு. எல்லாம் சேர்த்து கொட்டேஷன்ல பாதிகூட வரல. பழைய பிராட்பேண்டையும் வெட்டாம பேக்கப்பா வச்சோம். 99.5% அப்டைம்னு கான்ட்ராக்ட்ல இருந்தாலும் கணக்கு போட்டா மாசத்துல 3 மணி 36 நிமிஷம் லைன் படுக்கலாம். அது ஷிப்மெண்ட் அன்னிக்கே படுத்தா? யூபிஎஸ்ல ரவுட்டரை மட்டுமில்ல, ஃபைபர் வந்து சேர்ற அந்தச் சின்ன டப்பாவையும் சொருகணும். இதை நிறைய பேர் மறந்துடறாங்க.

இன்னொண்ணு. லீஸ்டு லைன்ல மாறாத பப்ளிக் ஐபி குடுப்பாங்க. ஊர் உலகத்துக்கே நம்ம வாசல் தெரியும். 2018ல விபிஎன்ஃபில்டர்னு ஒரு மால்வேர் அஞ்சு லட்சம் ரவுட்டருக்கு மேல புகுந்துச்சு. அதனால வாங்கின அன்னிக்கே பாஸ்வேர்டை மாத்தி, வெளியில இருந்து லாகின் பண்ற வசதியை மூடி, ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிட்டேன்.

எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கறப்ப "தப்பு என்னுதுதாங்க மாமா"ன்னேன். அவர் சிரிச்சாரு.

"விடு மாப்ள. கவுண்ட் பாக்காம விலையை மட்டும் பாத்து நானும் நூல் வாங்கியிருக்கேன். ஒரு லாட்டே போச்சு. அதுக்கப்பறம் கவுண்ட் பாக்காம வாங்கினதில்ல."

அந்த மூவாயிரம் ரூபா ரவுட்டர் இப்ப என் ரூம்ல இருக்கு. ஒருத்தனுக்கு அருமையா ஓடுது :-)