உறுதிகளுக்கு ஒரு பலாப்பெட்டி

கொழும்புப் புதுக்கடையில் காகிதம் ஓய்வதே இல்லை. நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் நொத்தாரிசு அலுவலகங்களும் தட்டெழுத்து மேசைகளும் காலையிலிருந்தே வேலை செய்கின்றன. காணி உறுதிகள் இங்கே எழுதப்படுகின்றன, கையொப்பம் பெறுகின்றன. பிறப்புப் பத்திரமும் விவாகப் பத்திரமும் பிரதி எடுக்கப்படுகின்றன. பிறகு அவை கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் போய், பெரும்பாலான வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் சேர்ந்துவிடுகின்றன. ஒரு குடும்பம் தொலைக்கவே கூடாத தாள்களுக்கு வாய்த்திருப்பது, எதற்கோ செய்யப்பட்ட ஒரு தகரப் பாத்திரம்.

நண்பரின் கல்யாணத்துக்கு மரத்தில் தன் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்படுகிறவர் அந்த டின்னை ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.

மரத்தில் செய்யக்கூடியவை ஏராளம். திருவலை செய்யலாம், ஆனால் அதன் உயிர் இரும்புப் பல்லில்தான் இருக்கிறது. இடியப்ப உரலுக்குக் கடைசல் இயந்திரம் வேண்டும். தொட்டில் அழகான வேலை, ஆனால் பிள்ளை பிறக்கமுன் தொட்டில் கொடுப்பதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். படச்சட்டம் சுவரில் ஏறியபின் யாருடைய கையிலும் படாது. பெரிய தளபாடமோ வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மின்தூக்கிக்குள் நுழையாது. மடியில் வைத்துத் திறக்கக்கூடிய, ஐம்பது வருடம் பயன்படக்கூடிய, கைவாளும் உளியும் சீவுளியும் இருந்தால் செய்யக்கூடிய பொருள் பத்திரப் பெட்டிதான்.

இந்த ஊருக்கு அது புதிதும் அல்ல. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது கொல்லப்பட்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட்டின் பெயரைத்தான் புதுக்கடை ஆங்கிலத்தில் இன்னும் சுமக்கிறது. அந்த ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைத் தச்சர்கள் கருங்காலியிலும் கலமந்தரிலும் செய்த எழுத்துப் பெட்டிகள், மூலைகளில் வெள்ளியோ பித்தளையோ பதித்தபடி, ஐரோப்பிய நூதனசாலைகளில் இருக்கின்றன. அவர்கள் காலத்துத் தளபாடங்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் நூதனசாலையும், 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வொல்பெண்டால் தேவாலயமும் புதுக்கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

கையால் செய்த மரப்பொருள் கல்யாணப் பரிசானதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் கதை கொழும்பில் பிறந்த ஒருவரிடம் போய்ச் சேர்வதுதான் அதன் சிறப்பு.

1859இல் வில்லியம் மொரிஸுக்கும் ஜேனுக்கும் ஒக்ஸ்போர்டில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் நண்பர்களில் ஒருவர் பிலிப் வெப், கட்டடக்கலைஞர். இன்னொருவர் ஓவியர் எட்வர்ட் பேர்ன்-ஜோன்ஸ். வெப் ஓர் உடுப்பு அலுமாரியை வடிவமைத்தார். பேர்ன்-ஜோன்ஸ் அதன் கதவுகளில் படம் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவி சோசர் சொன்ன ஒரு கதை. கொலையுண்ட பின்னும் பாட்டை நிறுத்தாத ஒரு சிறுவனின் கதை அது. யூதர்மீது கொலைப்பழி சுமத்தும் கதையும்கூட. கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத கதையைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் மொரிஸும் பேர்ன்-ஜோன்ஸும் மாணவப் பருவத்திலிருந்தே சோசர் பைத்தியம் பிடித்தவர்கள். மணமக்களுக்கு எது பொருந்தும் என்ற கணக்கைவிட, தங்கள் நட்பு எதனால் ஆனதோ அதையே பேர்ன்-ஜோன்ஸ் மரத்தில் ஏற்றிவிட்டார். அந்த அலுமாரி இன்று ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் நூதனசாலையில் நிற்கிறது.

அந்தச் சோசர் ஆசை அலுமாரியோடு அடங்கவில்லை. 1891இல் மொரிஸ் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தைத் தொடங்கினார். 1896இல் அங்கே சோசரின் முழுப் படைப்பும் கையச்சில் வெளிவந்தது. அதற்கு 87 படங்கள் வரைந்தவர் அதே பேர்ன்-ஜோன்ஸ். அந்த வருடமே மொரிஸ் இறந்துபோனார். அச்சகம் மூடப்பட்டதும் அச்சுப்பொறி, கைவினைஞர் சங்கம் நடத்திய அஷ்பீயின் கைக்கு வந்தது. அங்கிருந்து அது கொழும்பில் பிறந்த ஒருவருடைய வீட்டுக்குப் போனது.

அவர் ஆனந்த குமாரசுவாமி, 1877இல் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி சட்டத்தரணி. 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். மகன் படித்தது புவிச்சரிதவியல். 1902இல் எதெல் பார்ட்ரிட்ஜை மணந்தார். பிறகு இலங்கையின் கனிய வள ஆய்வுக்குப் பொறுப்பாக வந்து, கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தார். அலைந்த இடமெல்லாம் அவர் கண்ணில் பட்டவர்கள் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் குயவரும். தம்பதி இருவரும் அவர்களுடைய வேலையைக் குறித்தும் படம் பிடித்தும் சேர்த்தார்கள். இங்கிலாந்து திரும்பி, புரோட் காம்ப்டன் என்ற சிற்றூரில் தங்கள் வீட்டிலேயே அந்த அச்சுப்பொறியை நிறுத்தி, 1907 செப்ரெம்பர் முதல் 1908 டிசம்பர் வரை ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை அச்சிட்டார்கள். மொத்தம் 425 பிரதிகள். மொரிஸின் சோசர் வெளிவந்த அதே அச்சுப்பொறியில் கண்டித் தச்சரின் மரவேலையும் அச்சேறியது. எதெல் பிற்காலத்தில் எதெல் மெயிரே என்ற பெயரில் கைநெசவில் புகழ்பெற்றார்.

கண்டித் தச்சர் மரபின் உச்சத்தை எம்பெக்கே தேவாலயத்தில் பார்க்கலாம். சிற்பத் தூண்களைப் பார்க்கத்தான் பலரும் போகிறார்கள். பெட்டி செய்ய நினைக்கிறவர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கவேண்டும். அதன் ஓர் அந்தத்தில் 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. எல்லாவற்றையும் ஒரு மரத்துண்டே பிடித்து நிற்கிறது. மரத்தை மரமே பிடிக்கும் இந்த முறைதான் சின்னப் பெட்டிக்கும் வேண்டியது. நான்கு மூலைகளிலும் புறாவால் மூட்டு வைத்தால் ஆணிக்கு வேலையில்லை. பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதால் பலகை வெளியே இழுபடாது. கையால் வெட்டிய மூட்டில் பற்களின் அகலம் சற்று முன்பின்னாக இருக்கும். செய்தவரின் கை அங்கே தெரிவது நல்லதே.

மரம் எது? கலமந்தர் இன்று மிக அரிது. கருங்காலியைத் தேடுவதும் வேண்டாம். முதிரை அழகாக மினுங்கும், ஆனால் புதிய கைக்கு இறுக்கமான மரம். பலாதான் சரி. வெட்டியபோது மஞ்சளாக இருக்கும் பலா, காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் கபிலமாக முதிரும். வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாவில்தான் குடையப்படுகின்றன. இலங்கையில் பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் அனுமதி வேண்டும். பழைய வீடு இடிக்கும்போது கழற்றிய பலாக் கதவோ யன்னலோ கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அந்த மரம் ஏற்கெனவே காய்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்திருக்கும்.

அளவைத் தாளிடம் கேட்கவேண்டும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீற்றர். பழைய உறுதிகள் எழுதப்பட்ட புல்ஸ்கப் தாளின் நீளம் 330 மில்லிமீற்றரை எட்டும். உட்பக்கம் 350க்கு 240 வைத்தால் தாத்தாவின் காணி உறுதியையும் மடிக்காமல் வைக்கலாம். மடித்த கோட்டில்தான் பழைய தாள் முதலில் கிழியும். மரத்திலிருந்து மெல்ல வெளிவரும் அமில ஆவி காகிதத்தைப் பழுப்பாக்கும். ஆகவே பத்திரங்களுக்கு அமிலமற்ற காகித உறை ஒன்றும் செய்து உள்ளே வைக்கவேண்டும். பித்தளைப் பிணைச்சலும் பூட்டும் பழைய சோனகத் தெருவின் இரும்புக்கடைகளில் தேடலாம்.

அடிப்பலகையை மட்டும் ஒருபோதும் ஒட்டிவிடக்கூடாது. மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் செய்த பெட்டி, மணமக்களோடு ரொறன்ரோவுக்குப் போனால், மாரி முழுவதும் சூடாக்கி வறண்ட வீட்டில் இருக்கும். ஒட்டிய பலகை அங்கே வெடிக்கும். பக்கப் பலகைகளில் காடி வெட்டி, அடிப்பலகையை அதற்குள் ஒட்டாமல் செருகி, அசைய இடம் விட்டால் எந்த நாட்டிலும் தாங்கும். அவுஸ்திரேலியாவுக்குப் போவதானால் பட்டையோ பூச்சித் துளையோ இல்லாத மரமாக இருக்கவேண்டும். விமான நிலையத்தில் மரப்பொருள் என்று அறிவிக்கவும் வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி வரும். கல்யாண அழைப்பிதழ் கையில் கிடைத்தபின் தொடங்கினால் நேரம் போதாதுதான். பலகை வீட்டுக் காற்றுக்குப் பழகவே சில வாரங்கள் வேண்டும். மூட்டு வெட்டவும், பொலிஷ் பூசிப் பூசிக் காயவிடவும் இன்னும் சில வாரங்கள். ஆனால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் விவாகப் பதிவான எழுத்து ஒருநாளும் தாலிகட்டு பல மாதம் கழித்து இன்னொரு நாளுமாக நடக்கிறது. எழுத்து முடிந்த வாரமே பலகை வாங்கிவிட்டால், முகூர்த்தத்துக்கு முதல்நாள் கடைசிப் பூச்சும் காய்ந்திருக்கும். பெட்டிக்குள் வைக்கவேண்டிய முதல் பத்திரமும் அதற்குள் பதிவாளரின் முத்திரையோடு அவர்கள் வீட்டில் இருக்கும்.