தலைகீழ் மேசை வாங்குமுன்

திருவிழாவில் சுவாமி காவியவர்களுக்கு மறுநாள் நாரி பிடிப்பது புதினமல்ல. கிழமையில் ஐந்து நாளும் கதிரையில் இருந்து வேலை செய்துவிட்டு, ஆறாம் நாள் தோளில் தண்டை ஏற்றி வீதி சுற்றினால் முள்ளந்தண்டு முறையிடத்தான் செய்யும். மடைப்பள்ளியில் சோற்றுக் கிடாரத்தைக் குனிந்து தூக்கும் தொண்டர்களின் கதையும் இதுதான். அன்னதான வரிசையில் நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் பின்னால் நிற்பவர் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. "அண்ணை, அது ஒரு மேசை. காலைக் கொழுவிப்போட்டுத் தலைகீழாய்த் தொங்க வேணும். பத்து நிமிஷம் போதும், நாரி நோ பறந்திடும்." அண்ணை அன்றிரவே விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

இன்வர்ஷன் டேபிள் என்ற பெயரில் விற்கப்படும் இது உண்மையில் மேசையே அல்ல. உடுப்பு மினுக்கும் பலகையைப்போல, ஆனால் அதைவிட அகலமாக, மெத்தை வைத்த ஒரு பலகை. அதை நடுவில் தாங்கி ஊஞ்சல்போல் ஆட விடும் இரும்புச் சட்டம். கணுக்கால்களை இறுகப் பிடிக்கும் பூட்டு. கால்களைப் பூட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தால் கால் மேலும் தலை கீழுமாகப் பலகை சரியும். எண்ணம் புதிதல்ல. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே நோயாளியை ஏணியில் கட்டித் தலைகீழாகக் குலுக்கும் முறை இருந்தது. கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்கே சிலர் அதைச் செய்கிறார்கள் என்ற சலிப்பும் அவர் பெயரால் வழங்கும் நூலிலேயே இருக்கிறது.

இது வேலை செய்யும் விதம் எளிது. நாம் நிமிர்ந்திருக்கும் நேரமெல்லாம் உடலின் பாரம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை அமுக்குகிறது. சுவீடன் வைத்தியர் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அந்த அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி இருக்கும்போது அது நிற்கும்போதுள்ளதைவிடக் கூடுகிறது. மல்லாந்து படுத்தால் ஏறக்குறைய காற்பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆறுதலின் பெரும்பகுதி பாயில் படுத்தாலே கிடைத்துவிடுகிறது என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. தலைகீழாகத் தொங்குவது அதற்குமேல் ஓர் இழுவையைத் தருகிறது, அவ்வளவே.

அந்த இழுவையால் பயன் உண்டா? நியூகாசில் நகரில் நடந்து 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஒரே ஒரு வட்டு பிதுங்கிச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையோடு தலைகீழாகவும் தொங்கிய 13 பேரில் 10 பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை; தொங்காத பிரிவில் தப்பியவர்கள் இருவரே. ஆனால் இரண்டு டசின் பேரைக்கூட எட்டாத கணக்கை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து சொல்ல முடியாது. இழுவைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டின் கொக்ரேன் அறிக்கை, சாதாரண நாரிநோவுக்கு அதனால் பெரிய பயன் காணவில்லை. இந்நாட்டு நைஸ் நிறுவனமும் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியில் நாரிநோவுக்கு இழுவை கொடுக்க வேண்டாம் என்றே சொன்னது. வட்டு பிதுங்கிக் காலுக்கு இறங்கும் நோவுகூடப் பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும். ஆகவே இந்த மேசை சிலருக்கு உதவக்கூடிய ஒரு துணைக்கருவி. உதவினால் நல்லது, ஒரு மாதத்தில் உதவாவிட்டால் மடித்து வைத்துவிடலாம்.

ஆனால் கண்ணைப் பொறுத்தவரை அப்படி மடித்து வைத்துவிட முடியாது. சென்னை சங்கர நேத்ராலயா வைத்தியர்கள், சிரசாசனம் செய்து பழகிய 75 பேரின் கண் அழுத்தத்தை அளந்து 2006இல் வெளியிட்டார்கள். தலைகீழாக நின்றபோது அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அவர்கள் ஆரோக்கியமான கண்ணுடையவர்கள். இறங்கியதும் அழுத்தமும் இறங்கியது. ஆசனத்தால் அவர்களிடையே கண் அழுத்த நோய் கூடியதாகவும் தெரியவில்லை. யோகம் பயில்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. குளுக்கோமா ஏற்கெனவே உள்ளவரின் நிலை வேறு. அந்த நோய் நோவில்லாமல், சிவப்பில்லாமல், பார்வையின் ஓரங்களை மெல்ல மெல்லத் தின்பது. பாதி போகும்வரை ஆளுக்கே தெரியாது. நம்மவரிடையே மலிந்துகிடக்கும் நீரிழிவு, விழித்திரையில் மெல்லிய புதுக் குழாய்களை முளைக்கச் செய்திருந்தால் தலைக்கு ஏறும் இரத்தத்தை அவை தாங்கா. குளுக்கோமாவால் போன பார்வையை எந்தச் சத்திரசிகிச்சையும் மீட்டுத் தராது. எனவே மேசைக்கு முதற்செலவு கண் பரிசோதனை. இங்கிலாந்தில் 60 வயதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருக்கும் 40 வயதானவர்களுக்கும் அது இலவசம். இலவசமாக இருந்தும் போகாதவர்கள் எத்தனை பேர்!

உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், பாரிசவாதம், விழித்திரை விலகல், நெஞ்செரிவைத் தரும் இரைப்பைப் பிதுக்கம், எலும்பு நைவு, கர்ப்பம் இவற்றில் ஏதாவது உள்ளவர்கள் தொங்கவே கூடாது. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவர்களும், செயற்கை இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு வைத்தவர்களும் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. நாரி நோவோடு சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலும், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலும் அது மேசைக்குரிய நோயல்ல. அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் கடந்து வாங்கலாம் என்று ஆனபின் கடைக்குப் போகலாம். மலிந்ததைத் தேடுவது நம் குணம். இங்கே பணம் கொடுக்க வேண்டிய இடம் மெத்தையல்ல, கணுக்கால் பூட்டு. முழு உடம்பும் அதில்தான் தொங்குகிறது. குனிந்து கையால் இறுக்கும் பூட்டு நாரி நோக்காரனுக்கு உபத்திரவம். குனியாமல் நின்றபடி இழுக்கக்கூடிய நீண்ட கைபிடி உள்ளதையே எடுக்க வேண்டும். அடுத்தது தாங்கும் நிறை. பல மேசைகளில் 136 கிலோ, அதாவது 21 ஸ்டோனுக்குச் சற்று மேல் என்று எழுதியிருக்கும். உயரத்தையும் பார்க்க வேண்டும்: சில மேசைகள் 5 அடிக்குக் குறைந்தவர்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அப்பாவுக்கென்று வாங்கியதில் அம்மா ஏறுவது நம் வீடுகளில் நடப்பது. ஒவ்வொருவர் ஏறும்போதும் உயர அளவை மாற்றியே ஆக வேண்டும். அப்பாவின் அளவில் அம்மா ஏறினால் பலகையின் நிதானம் மாறிவிடும். அளவு சரியென்றால், கைகள் உடம்போடு இருக்கும்போது பலகை அசையாது. கைகளைத் தலைக்குமேல் மெல்ல உயர்த்தினால் மெல்லச் சரியும். இறக்கினால் மெல்ல எழும். கையை அசைத்தவுடன் தடாலென்று கவிழ்ந்தால் அளவு பிழை.

எவ்வளவு சரிய வேண்டும் என்பதில்தான் வீராப்பு புகுந்துவிடுகிறது. செங்குத்தாகத் தொங்க வேண்டியதே இல்லை. கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்தாலே பாரத்தின் பாதி நீளவாக்கில் இழுக்கிறது. 60 பாகையில் 87 சதவீதம். அதற்குமேல் போவது முகத்தில் இரத்தம் ஏறத்தான். சரிவை மட்டுப்படுத்தும் பட்டி இல்லாத மேசையை வாங்கவே வேண்டாம். முதற் கிழமை 20 பாகை, ஒரு நிமிஷம் அல்லது இரண்டு, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து. எழும்பும்போது கிடைமட்டத்தில் சற்றுத் தங்கி எழ வேண்டும். இல்லாவிட்டால் தலை சுற்றும்.

கடையில் வாங்குவதைவிடக் கைமாறி வரும் மேசைகளே நம்மவர் வீடுகளில் அதிகம் என்று தோன்றுகிறது. ஒருவர் ஆறு மாதம் பாவித்துக் கராஜில் போட்டது, சும்மா கிடக்கிறதே என்று அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது. பாவிக்கும் முறை சொன்ன புத்தகம் முதல் வீட்டிலேயே நின்றுவிடும். ஒரு ஆணி இரண்டாம் வீட்டில் தொலைந்திருக்கும். உதிரி ஆணி செருகிய மேசையில் ஆளைத் தலைகீழாகத் தொங்க விடுவது எப்படிப்பட்ட காரியம் என்று கொடுப்பவரும் யோசிப்பதில்லை, வாங்குபவரும் யோசிப்பதில்லை. புத்தகமும் எல்லா ஆணிகளும் இல்லாத மேசையைப் பழைய இரும்புக்குப் போடுவதே உபகாரம். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடானால் பாவித்த பின் மடித்துப் பட்டியால் கட்டி வைக்க வேண்டும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் சின்ன விரல்கள் நசுங்கும்.

முதல் சில நாட்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் ஏறுவது நல்லது. தனியாக ஏறத் தொடங்கிய பிறகு கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வைக்கக்கூடாது, சரியும்போது விழுந்து உருண்டுவிடும். தொங்கியபடி கை எட்டும் தூரத்தில், தரையில் வைக்க வேண்டும்.