கலக்க மறுக்கும் காற்று

தேநீரை வேகமாகக் கலக்கினால் சீனி விரைவில் கரையும். அப்படியானால் ஒலியைவிட வேகமாகப் பாயும் வாயு, பக்கத்து வாயுவோடு நொடியில் கலந்துவிடும் அல்லவா? இல்லை, கலப்பு குறையும் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை கூறியபோது நாங்கள் வியந்தோம்.

ஆலயத்தில் தூபக் கலசத்துப் புகையைப் பாருங்கள். நேராக எழும் புகை சுருள் சுருளாகச் சுழன்று, சுற்றியுள்ள காற்றை உள்ளிழுத்துக்கொண்டு பரவும். வாயுக்களைக் கலப்பவை இச்சுழல்களே.

மீயொலித் தாரை மெதுவாகக் கலப்பதற்கு அடர்த்தி வேறுபாடே காரணம் என்று முன்பு பலர் கருதினர். அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கேரி பிரௌன், அனட்டோல் ராஷ்கோ ஆகியோர் அதைச் சோதித்தனர். நைட்ரஜனையும் அதைவிட ஏழு மடங்கு இலேசான ஹீலியத்தையும் குறைந்த வேகத்தில் அருகருகே ஓடவிட்டு, ஒளி பாய்ச்சி அவற்றின் நிழலைப் படமெடுத்தனர். வெயிலில் அடுப்பின்மேல் எழும் அனல் சுவரில் நிழலாடுவதுபோல, பெரிய சுழல்கள் அணிவகுத்துத் தெரிந்தன. அடர்த்தியால் மட்டும் கலப்பு அவ்வளவு குறையவில்லை என்ற முடிவு 1974-இல் வெளியாயிற்று.

1988-இல் ராஷ்கோவும் டிமிட்ரி பாபமோஸ்குவும் மீயொலி வேகத்திலேயே சோதித்தனர். கலப்பு சுமார் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. காரணம் எளியது. அழுத்த மாற்றம் என்னும் செய்தி வாயுவில் ஒலியின் வேகத்தில்தான் செல்லும். இரு தாரைகளின் வேக வேறுபாடு மிகுந்தால், ஒன்றின் அசைவு மற்றதை எட்டுமுன் அது கடந்துபோய்விடும், சுழல்கள் வலுவிழக்கும்.

காற்றையே உள்ளிழுத்து மீயொலி வேகத்தில் எரிபொருளை எரிக்கும் எஞ்சினுக்கு இதுவே பெருந்தடை. கலப்பதற்குக் கிடைப்பது விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். 2016 ஆகஸ்ட் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் நாட்டு எஞ்சின் 5 விநாடிகள் எரிந்ததன் அருமை இப்போது எங்களுக்கு விளங்குகிறது.

பொதுத் தேர்வை எதிர்நோக்கும் எங்கள் வகுப்பிலும் இரண்டு தாரைகள் உண்டு: விடுதி மாணவியர், வீட்டிலிருந்து வருவோர். ஒருத்தியின் கவலை மற்றவள் காதை எட்டுமுன் அடுத்த மணி அடித்துவிடும். ஆகவே தலைமைச் சகோதரியின் அனுமதியோடு, தவக்காலம் முதல் மதிய உணவை வேப்பமரத்தடியில் கலந்து அமர்ந்தே உண்கிறோம். அரைமணி நேரம்தான். அதற்குள் யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.