ஐந்து ரூபா இலாபமும் ஒரு மாறுவேடமும்

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்த பின்னர் ஒருமுறை நான் மாறுவேடம் பூண்டேன். தாடியோ தலைப்பாகையோ தேவைப்படவில்லை. சட்டைப்பையில் இருந்த பேனாவை வீட்டில் வைத்துவிட்டுக் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். 2025 ஜனவரியில், வவுனியாவிலிருந்து ஏ-9 வீதிவழியே கிளிநொச்சிக்கும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்கும் சென்று, கடைகடையாக ஏறி அரிசி விலை கேட்பதே என் வேலை.

மேலைநாடுகளில் இது ஒரு தொழில். பெரும் வணிக நிறுவனங்கள் தம் கிளைகளுக்கே முன்பின் தெரியாத ஒருவரை வாடிக்கையாளர் போல அனுப்பிவைக்கும். அவர் பொருளை வாங்குவார், பணியாளர் முகம் கொடுத்துப் பேசினாரா, தட்டில் பொருள் இருந்ததா, குறித்த விலையும் வாங்கிய விலையும் ஒன்றா என்று படிவம் நிரப்புவார், கூலி பெறுவார். நம் நாட்டில் இதற்கு நெருங்கிய வேலையைச் செய்வோர், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் விசாரணை அலுவலர்கள். சாதாரண நுகர்வோர் போலச் சென்று பொருளை வாங்குவதும், விலை மிகுந்தால் வழக்குத் தொடுப்பதும் அவர்களுடைய வழக்கம். நான் அலுவலர் அல்லன். செய்திக்காக அவர்களுடைய முறையைக் கடன் வாங்கினேன்.

2024 டிசம்பரில் அரிசிக்கு ஆகக்கூடிய விலை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. நாட்டரிசி கிலோ ஒன்று மொத்த விற்பனையில் 225 ரூபா. சில்லறையில் 230 ரூபா. இடையில் நிற்கும் கடைக்காரருக்கு ஐந்து ரூபா. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மின்சாரம், எலி தின்றது எல்லாம் அந்த ஐந்து ரூபாவுக்குள் அடங்கவேண்டும். விலையை மீறினால், 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி தனியாளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம், கூடியது ஐந்து இலட்சம் ரூபா தண்டம். ஐந்து ரூபா இலாபத்தில் ஒரு இலட்சத்தை உழைக்க இருபதினாயிரம் கிலோ விற்கவேண்டும். இருபத்தைந்து கிலோ மூடையாக எண்ணினால் எண்ணூறு மூடை.

முதலில் நகரத்துப் பேரங்காடி ஒன்றுக்குள் நுழைந்தேன். குளிரூட்டிய மண்டபம். ‘நாட்டரிசி 230’ என்ற விலைச்சீட்டு ஒழுங்காகத் தொங்கியது. அதன்கீழ் தட்டு வெறுமையாக இருந்தது. “நாளைக்கு வந்து பாருங்கோ, ஐயா” என்று பணியாள் பணிவாகச் சொன்னார். குறிப்பேட்டில் எழுதினேன்: விலை சரி, வரவேற்பு நன்று, குற்றம் இல்லை. அரிசியும் இல்லை.

புதுக்குடியிருப்புக்கு அப்பால், உள்வீதி ஒன்றில், தகரக் கூரை போட்ட சிறு கடை. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் தனியாக நின்றார். நாட்டரிசி இருந்தது. விலை 245 ரூபா. இரண்டு கிலோ கேட்டேன். தராசு நேராகும்வரை காத்திருந்து, மேலும் ஒரு சிறங்கை அள்ளிப் போட்டார். “எந்த ஊர் அண்ணை?” என்று கேட்டார். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததாகப் பொய் சொன்னேன். 490 ரூபாவுக்குத் துண்டு கேட்டேன். அவருடைய கை நின்றது.

பிரித்தானியப் பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையில் 10ஆம் பிரிவு, பொதுநலன் வேண்டி நின்று வேறு வழியும் இல்லாதபோது மட்டுமே பொய்வேடத்தை அனுமதிக்கிறது. அந்தப் பிரிவை இளம் நிருபர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். வாங்கி முடிந்த பின்னர் உண்மையைச் சொல்லி விளக்கம் கேட்பது என் முறை. சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. முகம்தான் வெளிறியது. “அப்பவும் இப்பிடித்தான் அண்ணை, சாமான் வாங்க வாற மாதிரி வந்து விசாரிப்பினம். ஆர் எந்தப் பக்கத்து ஆள் எண்டு தெரியாது” என்றார். வன்னியில் கடைவாசல் என்பது அரிசி பருப்பு மட்டும் கைமாறிய இடமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஒரு பற்றரியின் விலையைக் கேட்பதே சந்தேகத்துக்குரிய செயலாக இருந்தது. அந்த நினைவுள்ளவர் முன்னால் என் பை ஒரு பையாக மட்டும் தெரிந்திருக்காது என்பதை நான் முன்பே எண்ணியிருக்கவேண்டும்.

பிறகு அவர் கணக்குச் சொன்னார். மொத்தக் கடையில் அவர் கொடுத்தது கிலோவுக்கு 238 ரூபா. பற்றுச்சீட்டில் இருந்தது 225 ரூபா. மிகுதி கையில் கொடுத்தது. அதற்குத் துண்டு கிடையாது. “230க்கு வித்தா நான் கடையைப் பூட்டவேணும். விக்காமல் விட்டா சனம் எங்க போறது?” வெளியே வயலில் நெற்கதிர் முற்றிக்கொண்டிருந்தது. இங்கே விளையும் நெல்லில் பெரும்பகுதி லொறியேறித் தென்திசை ஆலைகளுக்குப் போய், அரிசியாகித் திரும்பி வருகிறது.

மறுநாள் அந்த மொத்தக் கடைக்கும் என் பையோடு போனேன். படலையிலேயே நிறுத்தினார்கள். “எந்தக் கடை? ஆர் அனுப்பினது?” முன்பே அறிமுகமான வியாபாரிக்கு மட்டுமே அங்கே மூடை கிடைக்கும். மறைமுக நுகர்வோன் ஏறக்கூடிய உயரம் எவ்வளவு என்று அங்கேதான் விளங்கியது. தகரக் கடைக்குள் எவரும் நுழையலாம். ஆகவே அங்கே எவரையும் பிடிக்கலாம். அதற்கு மேலே போக மாறுவேடம் உதவாது. கணக்கேடுகளைத் திறக்கும் அதிகாரம் வேண்டும்.

அலுவலகத்தில் ஓர் இளம் நிருபர் என்னோடு வாதாடினார். “நாளொன்றுக்கு இரண்டு கிலோ சமைக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டிலிருந்து முப்பது ரூபா கூடுதலாகப் போகிறதே, அது யார் பணம்?” அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பணம் உண்மையில் போகிறது. ஆனால் அது அந்தப் பெண்ணின் மேசை லாச்சியில் தங்கவில்லை. நான் வைத்திருந்த படிவத்தின்படியோ, அரிசியே இல்லாத பேரங்காடி சித்தியடைந்தது. நிறை தவறாமல் அரிசி கொடுத்தவர் குற்றவாளியானார்.

செய்தியை எழுதினேன். கடையின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். மொத்த வியாபாரியின் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பதின்மூன்று ரூபாவுக்குச் சான்று இல்லை. முன்னையது என் தீர்மானம். பின்னையது என் தோல்வி.

அந்த இரண்டு கிலோவை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஐம்பது கிராம் கூடுதலாக இருந்தது. அதைக் குறிப்பதற்கு என் படிவத்தில் இடம் இருக்கவில்லை.