ஒற்றனுக்கு 27 புள்ளிகள்

கடந்த கோடை விடுமுறையில் திண்டிவனத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விழுப்புரத்திலிருந்து பக்கம்தான். ஆனால் கூட்டம், வழக்கு, போராட்டம் என்று அலைவதில் அங்கே போய் ஒருநாள் தங்குவதே அபூர்வமாகிவிட்டது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி என்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனும் வந்திருந்தான். மாலையில் காகிதம், பென்சிலோடு இருபது முகம் கொண்ட பகடை ஒன்றை எடுத்துவைத்து, "மாமா, உங்களுக்கு ஒரு ஆளை உருவாக்கலாம் வாங்க" என்றான்.

'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மாயாஜால உலகத்தின் கதையைப் பேசியே வளர்க்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நினைத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நான் ஒற்றனாக இருக்கிறேன் என்றேன்.

பலம், லாவகம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு தகுதிகள். ஒவ்வொன்றும் 8இல் தொடங்கும். அவற்றைக் கூட்டிக்கொள்ள எல்லோருக்கும் 27 புள்ளிகள் தருகிறார்கள். ஒரு தகுதியை 14 ஆக்க 7 புள்ளிகள் செலவாகும், 15 ஆக்க 9. அதற்கு மேல் வாங்க முடியாது. நான் லாவகம், அறிவு, வசீகரம் மூன்றையும் 15 ஆக்கிவிட்டுப் பெருமையாகப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

"மீதி மூணும் 8லயே நிக்குது மாமா. ஒரு அடி பட்டா விழுந்துடுவான். எதிர்ல இருக்கிறவன் பொய் சொன்னாகூட இவனுக்குப் புரியாது."

மறுபடி எழுதினோம். லாவகம், விவேகம், வசீகரம் மூன்றும் 14. அறிவு 12. தாங்கும் சக்தி 10. பலம் மட்டும் 8. ஒருத்தனே எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருந்தால் கூட வருகிறவர்களுக்கு வேலை இருக்காது, அதற்காகத்தான் இந்தக் கணக்கு என்றான்.

யாராக இருந்தாலும் கையில் 27 என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் இருந்திருக்கிறது. 2014இல் வந்த விதிநூலில், நாம் எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப சில தகுதிகள் தானாகக் கூடும். எல்ஃப் இனத்தில் பிறந்தால் லாவகம், பாதி ஓர்க் என்றால் பலம். இதைப் பற்றி விமர்சனங்கள் எழுந்தன. 2020இல் அந்தப் புள்ளிகளை இடம் மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, அந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து கழற்றி, அந்த ஆள் முன்பு செய்துவந்த வேலையோடு சேர்த்துவிட்டார்கள். கற்பனை உலகத்தில் பிறவித் தகுதியை ஒழிக்கவே ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அடுத்து, "கோட்டை வாசல்ல காவல்காரன் மறிச்சா என்ன சொல்லி உள்ள போவான்?" என்று கேட்டான்.

திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஒரு அதிகாரமே உண்டு. பார்ப்பவருக்குச் சந்தேகம் வராத உருவம் வேண்டும், யாருடைய பார்வைக்கும் அஞ்சக்கூடாது, ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் வள்ளுவர் சொல்கிறார். இந்த வேலையை நானும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, ஒரு கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதாகப் புகார் வந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே அது குற்றம். ஆனால் நேரில் பார்த்த சாட்சி வேண்டும். நானும் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு நண்பரும் நிலம் பார்க்க வந்தவர்களைப் போலப் போனோம். இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்றார், சொன்னேன். அங்கே எந்தப் பக்கம் என்றார், அதையும் சொன்னேன். மூன்றாவதாக, "ஊரா, காலனியா?" என்றார். ஒரு நொடிதான் தடுமாறியிருப்பேன். நண்பருக்குக் கண்ணாடி கிளாசில் டீ வந்தது. எனக்குப் பிளாஸ்டிக் கப்.

வேஷம் கலைந்துபோனதே சாட்சியாகிவிட்டது. அவர் கையில் இருந்ததையும் என் கையில் இருந்ததையும் வைத்துத்தான் அறிக்கை எழுதினோம். ஆனாலும் அந்த ஒரு நொடித் தடுமாற்றம் நெடுநாள் என்னை விட்டுப் போகவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் தாளில் 'குறை' என்ற இடத்தைக் காட்டி, "ஊரைக் கேட்டால் தடுமாறுவான்னு எழுதட்டுமா?" என்றான். எழுது என்றேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நானும் ஹாஸ்டல்ல திண்டிவனம்னு சொல்றதோட நிறுத்திக்குவேன் மாமா. வீட்டுக்கு வர்றோம்னு பசங்க சொன்னா ஏதாவது சாக்கு சொல்லிடுவேன்."

அக்கா அடுப்படியில் இருந்தார். கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனைப் பற்றி அவனிடம் சொன்னேன். கோயம்புத்தூர் கல்லூரியில் அவர் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். பழகினால் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமே என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் யாரும் கூட வந்து சேர்ந்துகொள்ள முடியாதபடி வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். 1939இல் வெளியான தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். படிக்கப் போன இடத்தில் ஒற்றனைப் போல வாழ்ந்திருக்கிறார்.

"அப்புறம் எப்பதான் வெளியில சொன்னாரு?"

"1893ல ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. அதுக்குப் 'பறையன்'னு பேரு வச்சாரு. பின்னாடி லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோட போனவரும் அவர்தான்."

அதனால் நீயும் சொல்லிவிடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்ன பிறகு அந்த அறையில் இருக்கப்போகிறவன் அவன், நானில்லை. எப்போது, யாரிடம் என்பதை அவன்தான் முடிவு செய்யவேண்டும்.

அவன் தாளை இழுத்து ரப்பரால் அழித்தான். "கேட்கிறவன்கிட்ட இருக்கிற குறைய நம்ம ஆளு தாள்ல எதுக்கு எழுதணும்?" என்றான். அந்த இடத்தில், 'இனிப்பைக் கண்டால் வந்த வேலையை மறந்துவிடுவான்' என்று எழுதினான். எனக்குச் சர்க்கரை இருப்பது அவனுக்குத் தெரியும்.