இரண்டு நாள் சபர்

எழுபத்து நான்கு ஆண்டு வாழ்க்கையில் நான் சபர் புறப்பட்ட நாட்களை எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. ஆயினும் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நண்பகலில், கையில் ஒரு சிறு பையுடன், வாகைக்குளம் விமான நிலைய வாயிலில் இறங்கி நின்றபோது ஏற்பட்ட தயக்கம் முன்னெப்போதும் எனக்கு ஏற்பட்டதில்லை. போவது சென்னையிலுள்ள மகன் வீட்டுக்கு. தங்குவது இரண்டு நாள். திங்கட்கிழமை காலையில் திரும்பிவிட ஏற்பாடு. தயங்குவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். என்னை வாயிலில் இறக்கிவிட்ட வாடகைக் கார் ஓட்டுநர் தம்பியும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்.

சபர் என்ற சொல் எங்கள் காயல்பட்டினத்தில் இலேசான சொல் அன்று. நான் சிறுவனாக இருந்தபோது என் வாப்பாவுக்குக் கொழும்பில் வியாபாரம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். மூன்று மாதம் இருப்பார்கள். பிறகு ஒருநாள் தகரப் பெட்டி நடுக்கூடத்துக்கு வந்துவிடும். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த செய்தி வந்தபோது, வாப்பா போகும் வழி அடைந்து போயிற்று என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். பதின்மூன்று வயதுச் சிறுவனின் அறியாமை அது. வழி வேறாயிற்றே தவிர, சபர் நிற்கவில்லை.

மக்தபில் எங்களுக்கு ஓதித்தந்த உஸ்தாத் அவர்கள் முசாபிருடைய தொழுகையைப் பற்றிப் பாடம் நடத்தியபோது என்னையே உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். “உன் வாப்பா கொழும்பில் இருக்கும்போது நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாமா?” என்றார்கள். நான் விழித்தேன். “சுருக்க முடியாது. போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்துவிட்டால் சபர் முடிந்தது. அங்கேயும் முழுத் தொழுகை. இங்கேயும் முழுத் தொழுகை. ஆக, உன் வாப்பா முசாபிராக இருப்பது வழியில் மட்டும்தான்” என்று விளக்கினார்கள். எங்கள் ஊரார் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர். ஹனஃபி மத்ஹபில் இந்தக் கணக்குப் பதினைந்து நாள் என்பதைப் பிற்காலத்தில் சென்னை மண்ணடியில் கடை வைத்திருந்தபோதுதான் அறிந்தேன். அந்த நான்கு நாள் கணக்கு இத்தனை ஆண்டுக்குப் பிறகு விமான நிலையத்து நாற்காலியில் என்னைத் தேடி வரும் என்று அன்று யார் கண்டது?

மகன் ஏன் விமானச் சீட்டு வாங்கி அனுப்பினான் என்பதைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய மழையில் எங்கள் ஊரில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழை கூட அந்த அளவு இல்லை. தாமிரபரணி கரை புரண்டது. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் முழங்காலளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மருமகன் ஹாங்காங்கில். மகளும் இரண்டு பேத்திகளும் நானும் மாடியறையில் இருந்தோம். சென்னையிலிருந்த மகனுக்கு எங்களைப் பற்றி இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. மூன்றாம் நாள் என் குரலைக் கேட்டதும் அவன் பேசவில்லை, அழுதான். நாற்பத்தைந்து வயது ஆண்மகன் அழுவதைத் தொலைபேசியில் கேட்பது எளிதன்று. அன்று முதல் அவனுக்கு ஒரே பேச்சு: “வாப்பா, இங்கே வந்துவிடுங்கள்.”

நானும் நாளைக் கடத்தி வந்தேன். என் மனைவி மர்ஹூமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் இருப்பது அவளுடைய வீட்டில். இன்று அது மகளுடைய வீடு. எங்கள் ஊரில் மணமுடித்த ஆண் பெண் வீட்டோடு வாழ்வதே வழக்கம். வீடு பெண்மக்களுக்குத்தான் போகும். உம்மா வீட்டில் பிறந்து, பெண்டாட்டி வீட்டில் வாழ்ந்து, மகள் வீட்டில் வயோதிகம் அடைவது காயல் ஆணின் நஸீப் என்று நாங்கள் கடற்கரையில் கூடும்போது சிரித்துக்கொள்வதுண்டு. கடைசியில் மகன் ஒரு படி இறங்கி வந்தான். “இரண்டே நாள் வாருங்கள். வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.” இதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும், முக்காணி ஆற்றுப் பாலத்தையும், பழையகாயலையும் கடந்து, உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்ய, தூத்துக்குடி வழியாக வாகைக்குளம் வந்து சேர்ந்தோம். இந்த நிலையத்துக்கு முதல் விமானம் வந்தது 1992இல். இடையில் சேவை நின்று, 2006இல் மீண்டும் தொடங்கியது. அப்போது நான் பார்த்த கட்டடம் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபம் அளவுதான் இருக்கும். இப்போதுள்ள புதிய முனையம் 2025 ஜூலை 26ஆம் நாள் திறக்கப்பட்டது. 17,340 சதுர மீட்டர் என்கிறார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையையும் இரு மடங்குக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள்.

அத்தனை பெரிய கூடத்தில் நான் நுழைந்த வேளையில் இருந்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஒரு விமானம் போய், அடுத்தது வருவதற்கு முந்திய இடைவேளை. தரையைத் துடைக்கும் இயந்திரத்தின் மெல்லிய ஓசை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு தாய். தன் செருப்பொலிக்குத் தானே கூச்சப்பட்டு மெல்ல நடக்கும் ஒரு பெரியவர். சென்னை விமான நிலையத்தில் மனிதன் எண்ணுவதற்கு இடமே இல்லை, தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். இங்கோ எண்ணுவதைத் தவிர வேறு வேலையே இல்லை.

பாதுகாப்புச் சோதனையில் என் பை நின்றுவிட்டது. எக்ஸ்ரே திரையில் கட்டை போல ஏதோ தெரிகிறது என்று வடநாட்டுக் காவலர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். மகள் தன் அண்ணனுக்காக வைத்திருந்த மாசி அது. கல்லாகக் காய்ந்த அந்தக் கருவாட்டை அவர் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “மச்லி” என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அவர் நம்பாமல் தம் நண்பரை அழைத்தார். அந்த நண்பர் நம் பக்கத்துப் பிள்ளை. “மாசி சார், சம்பல் வைப்பாங்க” என்று அவர் சிரித்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. கூட்டமில்லாததால் யாருக்கும் கோபமில்லை.

அந்தச் சிரிப்பு என் முகத்திலிருந்து மறைவதற்குள், மாசிக்கு அடியிலிருந்த பொட்டலத்தைக் காவலர் வெளியே எடுத்து வைத்தார். என் இரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரை மாத்திரைகள். பட்டை பட்டையாக, ரப்பர் வளையம் போட்டு. இரண்டு நாளைக்கு எட்டு மாத்திரை போதும். அங்கே ஒரு மாதத்துக்கு இருந்தது. அதற்கும் அடியில் என் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய கோப்பு. அதனுள் வங்கிப் புத்தகம்.

பையை மூடிக்கொண்டு கண்ணாடிச் சுவரோரம் போய் அமர்ந்தேன். வெளியே ஓடுபாதை வெயிலில் அலையலையாகத் தெரிந்தது. மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“மாத்திரை முப்பது நாளைக்கு இருக்கிறதே, மகளே?”

மறுமுனையில் சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, “சென்னையில் அந்த மாத்திரை கிடைக்காவிட்டால் சிரமம் அல்லவா, வாப்பா?” என்றாள்.

“சென்னையில் கிடைக்காத மருந்து நம் ஊரில் கிடைக்கிறதா?”

இதற்கு அவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. “வாப்பா, அந்த மழை இரவில் உங்களை மாடிப்படி ஏற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? கீழே இரண்டு பிள்ளைகளும் தண்ணீருக்குள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். யாரை முதலில் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை” என்றாள்.

எனக்கு நினைவில்லை. என்னை அவள் ஏற்றினாள் என்பதே எனக்குத் தெரியாது. நானே ஏறியதாகத்தான் இதுவரை எண்ணியிருந்தேன். பிறரிடம் அவ்வாறே சொல்லியும் வந்திருக்கிறேன்.

“சரி, மகளே” என்று தொலைபேசியை வைத்தேன். பிள்ளைகள் இருவரும் எனக்குத் தெரியாமல் பேசி முடிவு செய்திருக்கிறார்கள் என்ற கோபம் மார்பில் எழுந்து, எழுந்த இடத்திலேயே அமர்ந்துவிட்டது. கோபப்படுவதற்கு அவள் இடம் வைக்கவில்லை.

லுஹர் நேரம் ஆகியிருந்தது. கழுவறையில் ஒளுச் செய்யும்போது காலைத் தொட்டிக்கு உயர்த்த முடியாமல் தடுமாறினேன். வாயிலில் நின்றிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் கேளாமலே ஒரு குவளையில் நீர் பிடித்து வந்து ஊற்றினார். மேற்கு எது என்று வினவினேன். “திருநெல்வேலி அந்தப் பக்கம், ஐயா” என்று கை காட்டினார். இதைவிடத் தெளிவாக யாரும் திசை சொல்ல முடியாது. சற்றே வடக்காகத் திரும்பி, ஆளற்ற ஒரு மூலையில் தோள்துண்டை விரித்தேன். பெரிய நிலையங்களில் தொழ நிற்கும்போது பின்னால் நூறு கண்கள் இருப்பதாக ஓர் உணர்வு வரும். இங்கே அது வரவில்லை.

ஊர் எல்லையைக் கடந்துவிட்டேன். போகுமிடம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே லுஹரையும் அஸரையும் சேர்த்து, இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுவதில் ஐயமில்லை. தொழுது ஸலாம் கொடுத்த பிறகுதான் உஸ்தாதின் குரல் கேட்டது. வழியில் கஸர், சரி. இறங்கிய பிறகு? இரண்டு நாளென்றால் நான் முசாபிர். பையில் உள்ளபடி ஒரு மாதமென்றால் நான் அந்த ஊர்க்காரன். இஷாவை நான்காகத் தொழவேண்டும். நிய்யத் என்பது கல்பில் இருப்பது, பையில் இருப்பதன்று. மகள் கட்டிய மாத்திரை எனக்கு நிய்யத் ஆகாது. ஆனால் என் கல்பில் என்ன இருந்தது? அதைத் திறந்து பார்க்க அங்கே எக்ஸ்ரே இல்லை.

விமானம் வந்தது. இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. வாப்பாவின் தகரப் பெட்டி நடுக்கூடத்திலிருந்து தனுஷ்கோடி போய்ச் சேர ஓர் இரவும் பகலும் ஆகுமே, அந்த நேரத்தில் ஒரு மனிதன் தன் மனத்தை ஒருவாறு சரிசெய்துகொள்ளலாம். எனக்குக் கொடுத்த நேரம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மகன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை. கட்டில் தாழ்வாக இருந்தது. குளியலறைக்குள் போனேன். சுவரில் பிடித்துக்கொள்ள எஃகுக் கைப்பிடி பொருத்தியிருந்தார்கள். சுற்றிலும் பூசிய சிமெண்டு இன்னும் முழுவதும் வெளுக்கவில்லை. இரண்டு நாள் விருந்தாளிக்கு யாரும் சுவரைக் குடைவதில்லை. நான் அந்தக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இஷாவுக்குப் பாங்கு சொல்லக் கேட்டது. “வாப்பா, நீங்களே முன்னே நின்று தொழ வையுங்கள்” என்றான் மகன். பேரன் அவனருகில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். நான் முஸல்லாவில் நின்று, அவர்கள் பக்கம் திரும்பி, “நான் முசாபிர். நான் ஸலாம் கொடுத்ததும் நீங்கள் இருவரும் எழுந்து நான்காக நிறைவு செய்துகொள்ளுங்கள்” என்றேன்.

மகன் தலையை அசைத்தான். அவன் முகத்தை அதற்கு மேல் பார்க்காமல் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொண்டேன். இரண்டு ரக்அத் முடிந்து நான் ஸலாம் கொடுத்தபோது, பின்னால் அவர்கள் இருவரும் எழுந்து நிற்கும் ஓசை கேட்டது. அவர்கள் தொழுது முடிக்கும்வரை நான் அமர்ந்தவாறே தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ரக்அத்தை மகன் மிக நிதானமாகத் தொழுதான்.

“அப்பா, உங்களுக்கு மட்டும் ஏன் பாதி?” என்று பேரன் பிறகு கேட்டான். எங்கள் ஊரில் பாட்டனாரை அப்பா என்றே அழைப்போம். “திங்கட்கிழமைக்குச் சீட்டு இருக்கிறதே” என்றேன். “அடுத்த முறை?” என்றான். அவனுடைய தகப்பன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் பையை அடுக்கும்போது மருமகளை அழைத்து, மாத்திரைகளில் ஒரு பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அவளிடம் கொடுத்தேன். கைப்பிடி வைத்த குளியலறைக்கு எதிரே இருந்த அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். கோப்பையும் வங்கிப் புத்தகத்தையும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

காரில் ஏற்றும்போது பையைத் தூக்கிப் பார்த்த மகன், “இலேசாக இருக்கிறதே, வாப்பா?” என்றான்.

“மாசியை இறக்கிவிட்டேன் அல்லவா” என்றேன்.